பாசியைப் பிழிந்து புதிய அமீபாவைத் தேடும் முறை

ஓடுடைய அமீபாக்கள் ஒரே செல்லால் ஆன உயிர்கள். பெரும்பாலானவற்றின் நீளம் 20 முதல் 200 மைக்ரோமீட்டருக்குள் அடங்கிவிடும். டிஃப்லூஜியா மணல் துணுக்குகளை ஒட்டித் தன் ஓட்டைக் கட்டுகிறது. யூக்ளிஃபா தானே உருவாக்கிய சிலிக்கா செதில்களை அடுக்குகிறது. உயிர் போன பின்னும் ஓடு நிலைத்திருப்பதால் இனத்தை அறிய அதுவே முதன்மைச் சான்று.

குளிர்நாடுகளில் ஸ்பாக்னம் பாசி மட்கிப் படிந்த பீட் எனும் சதுப்பு நிலங்களே இவற்றின் புகழ்பெற்ற வாழிடம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தேடுவோர் காளிகேசம் ஓடைப் பாறைகளின் ஈரப்பாசியிலும் தேரூர்க் குளக்கரையின் மட்கிய இலைகளிலும் தொடங்கலாம். இரு பருவமழையும் பெறும் மாவட்டமாதலால் பாசி நனைந்திருக்கும் மாதங்கள் இங்கு அதிகம். காப்புக்காடுகளிலும் தேரூர்க் குளம் அடங்கிய பறவைகள் சரணாலயத்திலும் மாதிரி எடுக்க வனத்துறையின் எழுத்து அனுமதி முதலில் வேண்டும்.

கைப்பிடிப் பாசியைச் சிறிதளவு நீரில் நன்றாக அலசிப் பிழிந்தால் தேயிலைச் சாயம் போன்ற நீர் இறங்கும். அதை 300 மைக்ரோமீட்டர் சல்லடையில் வடித்துக் குப்பையை நீக்கி, 15 மைக்ரோமீட்டர் சல்லடையில் தங்குவதை மட்டும் எடுத்து, ஒரு சொட்டுக் கிளிசரினுடன் கண்ணாடித் தகட்டில் வைத்து, மெல்லிய கண்ணாடி மூடுசில்லால் மூடி 200 முதல் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்க்க வேண்டும். ஆர்செல்லா என்ற அமீபாவின் ஓடு, நடுவில் துளையுள்ள பழுப்பு வட்டமாகத் தெரியும். அப்போது மூடுசில்லின் ஓரத்தை ஊசிமுனையால் மெல்லத் தட்டினால், கெட்டியான கிளிசரினில் ஓடு உருண்டு பக்கவாட்டில் திரும்பும். வட்டமாகத் தெரிந்தது கவிழ்த்த கிண்ணமாக மாறும் அந்தக் கணத்தைத் தவறாமல் படமெடுங்கள், ஏனெனில் பக்கத்தோற்றம் இல்லாத ஓட்டைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

புதிய இனம் என்று சொல்ல அவசரப்படக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. முள் எண்ணிக்கை வேறுபட்ட ஒரு சென்ட்ரோபிக்ஸிஸ் என்ற அமீபாவின் ஓட்டைக் கண்டு நானும் ஒருமுறை அப்படி நம்பினேன். அதே பாசியில் மேலும் தேடியபோது நான்கு முள், ஆறு முள், முள்ளே இல்லாதவை என எல்லாம் வந்தன. சென்ட்ரோபிக்ஸிஸ் அக்குலியேட்டாவில் அந்த மாறுபாடு இயல்பானதே. ஆகவே குறைந்தது முப்பது ஓடுகளின் நீளம், அகலம், வாய்த்துளை விட்டம் ஆகியவற்றை அளந்து, இடைநிலை வடிவங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு 1879இல் ஜோசப் லீடியும் 1902இல் யூஜின் பெனார்டும் தம் நூல்களில் வெளியிட்ட அமீபா படங்கள் தொடங்கி இன்றைய ஆய்வுகள் வரை ஒப்பிடுங்கள்.

அதன் பிறகும் வேறுபாடு நின்றால், மின்னணு நுண்ணோக்கியில் ஓட்டின் மேற்பரப்பைப் படமெடுத்து, உயிருள்ள செல்களிலிருந்து மரபணு வரிசையும் பெற வேண்டும். ஹயலோஸ்ஃபீனியா பாபிலியோ என்ற ஓடுடைய அமீபாவின் ஒரே பெயருக்குள் பல மரபுக்கிளைகள் ஒளிந்திருந்ததை மரபணுவே காட்டிக்கொடுத்தது. புதிய பெயருக்கு ஆதாரமான ஓடு உள்ள வகைமாதிரித் தகட்டை ஒரு பொது அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, விவரணையை ஆய்விதழில் வெளியிட்ட பின்னரே பெயர் செல்லும். இணையத்தில் மட்டும் வரும் இதழானால் வெளியீட்டுக்கு முன்பே அந்தக் கட்டுரையை விலங்கியல் பெயர்களுக்கான ஸூபேங்க் இணையப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும்.