உஃபீசியில் முதலில் முழங்காலைப் பாருங்கள்

இத்தாலியில் ஃப்ளாரன்ஸின் உஃபீசி அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் நேரே போட்டிச்செல்லி வரைந்த வீனஸ் ஓவியத்தைத் தேடி ஓடிவிடுகிறார்கள். அதற்கு முன், சிமபூவே, தூச்சோ, ஜொட்டோ என்ற மூன்று பழைய ஓவியர்கள் வரைந்த, மடியில் குழந்தை இயேசுவோடு இருக்கும் பெரிய மாதா ஓவியங்கள் இருக்கும் இடத்தில் நில்லுங்கள்.

மாதாவின் முழங்காலைப் பாருங்கள். சிமபூவே ஆடை மடிப்புகளைத் தங்கக் கோடுகளாக இழைத்திருக்கிறார். கொள்ளை அழகு, ஆனால் உள்ளே உடம்பு இருப்பதாகத் தோன்றாது. ஜொட்டோவிடம் (சுமார் 1310) முழங்கால் துணியை முட்டிக்கொண்டு நிற்கும், மடியில் குழந்தையின் கனம் தெரியும்.

அடுத்து தேவதூதர்கள். தூச்சோவின் படத்தில் (1285) அந்தரத்தில் மண்டியிட்டிருப்பார்கள். ஜொட்டோவில் தரையில் இருக்கிறார்கள். முன்னால் நிற்பவரின் ஒளிவட்டம் பின்னால் இருப்பவரை மறைக்கிறது. பின்னணி மட்டும் இன்னும் பழைய தங்கம்தான்!

நேரமிருந்தால் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் மசாச்சோ என்ற ஓவியரின் திரித்துவ (தந்தை, மகன், தூய ஆவி) ஓவியத்தையும் (1427 வாக்கில்) பாருங்கள். சுவரையே குடைந்து மண்டபம் கட்டியதுபோல் இருக்கும்.