கிட்டாரில் வேகம் கூட, முதலில் அழுத்தத்தைக் குறையுங்கள்

வேகம் வரவில்லையென்று விரலைக் குறை சொல்லும் முன் கிட்டாரைப் பாருங்கள். ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் பதித்திருக்கும் குறுக்குக் கம்பி. 12வது ஃப்ரெட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, கம்பியின் அடிப்பக்கம் வரை அளக்க வேண்டும். அக்கூஸ்டிக்கில் (மின்சாரம் இல்லாத மரக் கிட்டாரில்) தடித்த ஆறாவது கம்பி சுமார் 2.5 மி.மீ., முதல் கம்பி 2 மி.மீ. இருந்தால் சரி. 3 மி.மீ. தாண்டினால் ஒவ்வொரு சுரத்துக்கும் கை கூடுதலாக உழைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. அந்த ஈரத்தில் மேல்பலகை உப்பி, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜோடு கம்பியும் உயரும். கிட்டாரைச் சுவரில் மாட்டாமல், சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். துருப்பிடித்த கம்பி விரலை இழுக்கும், மாற்றிவிடுங்கள். 12 கேஜ் (கம்பியின் தடிமன்) போட்டிருந்தால் 10க்கு இறங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்தது அழுத்தம். வேகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். விரலைக் கம்பியில் சும்மா தொட்டு வைத்து மீட்டுங்கள், ‘டொக்’கென்று செத்த ஒலி வரும். மீட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். சுரம் தெளியும் இடத்தில் நின்றுவிடுங்கள். அதற்கு மேல் போடும் பலமெல்லாம் வீண். விரல் ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதன் பின்னால் விழுந்தால் இந்தப் பலமும் குறையும். கழுத்தின் பின்னாலிருந்து பெருவிரலை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். சுரம் நின்றால், நீங்கள் கிட்டாரின் கழுத்தை நசுக்கவில்லை என்று அர்த்தம்.

இனி மெட்ரோனோம், அதாவது தாளம் தட்டும் கருவி. நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு நாலு சுரம். ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்கி நான்கு விரல்களையும் வரிசையாக வையுங்கள். முதல் ஃப்ரெட்டில் இடைவெளி அகலம், மணிக்கட்டு மடங்கும். பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) கீழ், மேல் என்று மாற்றி மாற்றி, நுனி மட்டும் கம்பியில் படும்படி அடிக்க வேண்டும். சுண்டுவிரல் கம்பியை விட்டு எகிறினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். மூன்று முறை பிசகாமல் வந்தால் 4 கூட்டுங்கள். தடுக்கினால் 8 குறையுங்கள். தோள் தூக்கிக்கொண்டாலோ பல் கடிபட்டாலோ அதுவும் தடுக்கல்தான்.

இப்படி மெல்ல ஏறுவது மட்டும் போதாது. வேகமான அசைவு வேறு மாதிரியானது, அதையும் கை ருசி பார்க்க வேண்டும். ஐந்தே சுரத்தை உங்கள் எல்லைக்கு மேல் ஒரு வீச்சில் அடித்து, கையைத் தொங்கவிட்டு, இரண்டு மூச்சுக்குப் பிறகு மறுபடி. பத்துத் தடவைக்கு மேல் வேண்டாம்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்தைவிட பத்து நிமிடம் வீதம் மூன்று முறை மேல். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த கைக்கு மணிக்கட்டு ஏற்கெனவே களைத்திருக்கும். அன்றைக்கு வீச்சுப் பயிற்சியை விட்டுவிடலாம். டிசம்பர் கேரல் சீசனில் திடீரென்று இரவுக்கு மூன்று மணி நேரம் வாசிப்பவர்கள் நவம்பரிலேயே நேரத்தை மெல்லக் கூட்டிக்கொள்வது நல்லது.

விரல் நுனி எரிச்சல் புதியவர்களுக்கு இயல்பு, தோல் தடித்ததும் போகும். மணிக்கட்டிலோ முன்கையிலோ குத்தினால் உடனே நிறுத்துங்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடலாம். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்தால் முழங்கையைக் கவனியுங்கள். ஓய்வெடுத்தும் மரப்பு நீடித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், தைலம் தேய்த்துக்கொண்டு வாசிக்காதீர்கள். ஓய்வுக்குப் பிறகு பழைய வேகத்தில் பாதியில், பத்தே நிமிடத்தில் தொடங்குங்கள்.