களரிப்பயிற்றிலிருந்து நவீன நடனம் அமைக்கும் முறை

கேரளத்தின் போர்க்கலையான களரிப்பயிற்றை நடனமாக்க விரும்புபவர் முதலில் குருக்கள் எனப்படும் களரி ஆசான் ஒருவரிடம் மாணவராகச் சேர்ந்து, மெய்ப்பயிற்று எனும் உடற்பயிற்சி வரிசைகள் யோசனையின்றி உடலில் ஓடும் அளவுக்குப் பழக வேண்டும். காணொளியைப் பார்த்து விலங்குகளின் பெயர் கொண்ட நிலைகளான யானை வடிவையும் சிங்க வடிவையும் நகலெடுப்பவருக்கு வெளிக்கோடு மட்டுமே கிடைக்கும். தாழ்ந்த இடுப்பில் எடை எவ்வாறு தங்குகிறது, பார்வை எங்கே நிலைக்கிறது, மூச்சு எப்போது திரும்புகிறது என்பவை பிடிபடா.

பழகியபின் ஒரே ஒரு வடிவை எடுத்துக்கொண்டு, அதற்குள் நுழைவது, அதில் நிற்பது, அதிலிருந்து வெளியேறுவது எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் வழக்கமான வேகத்தைவிடப் பல மடங்கு மெதுவாகச் செய்து பாருங்கள். வேகம் குறையும்போது தாக்குதலின் நோக்கம் உதிர்ந்து, அதைத் தாங்கி நின்ற தசைகளின் இழுவிசை வெளிப்படும். பரதநாட்டியத்தையும் யோகத்தையும் களரியையும் 1985இல் 'அங்கிகா'வில் ஒன்றிணைத்த சென்னைக் கலைஞர் சந்திரலேகா, 2001இல் அமைத்த 'சரீரா'வில் குண்டேச்சா சகோதரர்களின் துருபத் எனும் இந்துஸ்தானி இசையோடு இந்த நிதானத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றார்.

இருவர் செய்யும் அடி, தடுப்பு வரிசை ஒன்றைப் பயின்றபின் எதிராளியை விலக்கிவிடுவதும் நல்ல பயிற்சியாகும். தனியே ஆடுபவர், இல்லாத அந்த உடலுக்கான தூரத்தையும் பார்வையையும் விடாமல் காத்தால், வெற்றிடமே ஒரு பாத்திரமாகிவிடும். இந்த வரிசைகளை உடனே ஆதி தாளத்தில் அடைத்துவிடாதீர்கள். குருக்கள் வாயால் சொல்லும் கட்டளைகளான வாய்த்தாரிக்கும் மூச்சுக்கும் கட்டுப்பட்டு ஓடும் அசைவு, தாளக்கட்டுக்குள் வந்ததும் பெரும்பாலும் பரதநாட்டியத்தின் சாயலைப் பெற்றுவிடுகிறது. பயிற்சிக்கூடமான களரியின் மண்தரையில் பழகிய பாய்ச்சல்களைக் கடினமான மேடையில் அப்படியே செய்தால் முழங்கால் தாங்காது என்பதால், அவற்றின் உயரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

சடங்கு மரபுகளில் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. வட மலபாரின் தெய்யத்தில், வண்ணான், மலையன் முதலிய சமூகத்தினர் பரம்பரை உரிமையாக ஆடும் அந்த நிகழ்வில், முடி சூட்டப்பட்டுக் கண்ணாடியில் தம் முகத்தைக் காணும் ஆட்டக்காரரைப் பக்தர்கள் தெய்வமாகவே வணங்குகின்றனர். ஆகவே முடியையும், முகத்தெழுத்து எனும் முக ஓவியத்தையும், தெய்வத்தின் கதையைப் பாடும் தோற்றப் பாட்டையும் எடுக்காமல், கால்வைப்பையும் சுழற்சியையும் மட்டும், அதுவும் ஆட்டக்காரர்களின் இசைவோடு, கற்றுக்கொள்வதே முறை என்பது என் கருத்து. ஒத்திகையின் நடுக்கட்டத்திலேயே அவர்களை அழைத்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்பதை நீக்க அப்போது இன்னும் நேரமிருக்கும். கற்பித்த நேரத்துக்கான ஊதியத்தை முன்பே பேசி முடித்து, நிகழ்ச்சித் தாளில் அவர்கள் பெயரை நடன அமைப்பாளரின் பெயருக்கு அருகிலேயே அச்சிடுங்கள்.