சிப்பியில் அரை மில்லிமீட்டர் துளை: வைரத்தூள் ஊசி செய்வது எப்படி?

ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் சிப்பி வேலை பழகுபவர்களுக்கு முதல் தலைவலி துளைதான். அரை மில்லிமீட்டரில் முறுக்கு பிட் (டிரில்லில் மாட்டும் சுருள் துளைமுனை) சட்டென்று முறியும்; சிப்பியின் பின்பக்கமும் பெயரும். தேய்த்தே துளைக்கும் ஊசியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

இதில் அறுப்பது உலோகம் இல்லை, அதில் பதிந்த வைரத்துகள். அதனால் ஊசிமுனை மிருதுவாக இருக்க வேண்டும். கடினமான எஃகில் துகள் பதியாது.

முதலில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மெல்லிய தையல் ஊசியின் கூர்முனையையும் காதையும் குறடால் பிடித்து ஒடித்துவிடுங்கள். ஒரு முனையை உப்புத்தாளில் தட்டையாகத் தேயுங்கள். அந்த முனையில் 5 மி.மீ. மட்டும் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள். மீதித் தண்டு விறைப்பாக இருந்தால்தான் வளையாது.

அடுத்தது பதித்தல். மொத்த வேலையின் உயிரே இதுதான், அவசரம் வேண்டாம். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்துங்கள். கடற்காற்று ஒரு வீச்சில் தூளை அள்ளிப் போய்விடும். 325 மெஷ் வைரத்தூள் (துகள் சுமார் 44 மைக்ரான்) ஒரு சிட்டிகை, ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்து, கடினமான எஃகுப் பட்டை மேல் தடவுங்கள். அதில் ஊசியை வைத்து, பழைய உளியின் தட்டைப் பக்கத்தால் அழுத்தி உருட்டுங்கள். நறநறவென்ற சத்தம் குறையும்வரை உருட்டினால் முனை மங்கிச் சாம்பல் நிறமாகத் தெரியும். பக்கவாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். துளையை ஆழப்படுத்துவது அடிமுகம்தான். அதையும் தூளில் நிமிர்த்தி வைத்து, சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் அலசி, ஒட்டாத துகளைப் போக்குங்கள்.

துளைக்கும்போது பேட்டரி மினி டிரில்தான் நல்லது. தண்ணீர் பக்கத்தில் கரண்ட் இணைப்பு ஆபத்து. சிப்பியை மெழுகால் மரத்துண்டில் ஒட்டி, தண்ணீரில் மூழ்க வையுங்கள். லேசாகத் தொடுங்கள், உடனே தூக்குங்கள், மறுபடி தொடுங்கள். தூக்கும்போதுதான் வெள்ளைச் சேறு வெளியேறி, தண்ணீர் உள்ளே போகும். அழுத்தினால் சூடேறித் துகள் உதிரும். பாதி ஆழம் போனதும் திருப்பி மறுபக்கத்திலிருந்து துளைத்தால் விளிம்பு பெயராது. துளை ஊசியைவிடச் சற்றே பெரிதாக வரும், நூலை அதற்கேற்ப எடுங்கள். உலர்ந்த சிப்பித்தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி கட்டாயம்.

சட்டப் பாதுகாப்புள்ள சங்கு, சிப்பி இனங்களில் கை வைக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் ஊசியைத் துடைத்து, எண்ணெய் தடவி மூடிய டப்பாவில் வையுங்கள். நம்ம ஊர் உப்புக்காற்றில் ராத்திரியோடு துரு பிடித்துவிடும்.