ஒற்றை ஆணியில் தொங்காத தன்மதிப்பு

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் மெய்ப்புப் பார்த்த ஓர் இதழின் அட்டையில், 'அறம் வளர்ப்போம்' என்று வந்திருக்க வேண்டிய தலைப்பு 'அரம் வளர்ப்போம்' என்று அச்சாகி வெளிவந்தது. இரும்பை ராவும் கருவியை வளர்க்குமாறு வாசகர்களை அழைத்த பெருமை முழுவதும் எனக்கே உரியது. ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் அட்டையை என் மேசைமேல் வைத்து, "இதைக்கூடவா பார்க்கவில்லை?" என்று கேட்டார், அதோடு விட்டுவிட்டார். நான்தான் விடவில்லை. 'ஓர் எழுத்தைத் தவறவிட்டேன்' என்று மாலையில் இருந்த வாக்கியம், படுக்கப் போவதற்குள் 'இந்த வேலைக்கு நான் தகுதியில்லாதவன்' என்றும், விடிவதற்குள் 'எதற்குமே தகுதியில்லாதவன்' என்றும் வளர்ந்திருந்தது. ஒரே ஓர் எழுத்து ஒரு முழு மனிதனைச் சாய்த்ததற்குக் காரணம் பிழையின் அளவு அன்று. என்னை நானே மதிப்பதற்கு அந்த ஒரு வேலையைத் தவிர வேறெதையும் நான் வைத்திருக்கவில்லை.

மனநலத்தைக் காத்துக்கொள்வது பற்றிப் பேச்சு வந்தால், 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்பதே பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை. எப்படி என்பதை யாரும் சொல்வதில்லை. எல்லாப் பாரத்தையும் ஒரே ஆணியில் மாட்டினால், அது எவ்வளவு நல்ல ஆணியாக இருந்தாலும் ஒருநாள் சுவரோடு பெயர்ந்து வரும். ஆகவே ஆணியைப் பற்றிக் கவலைப்படாமல், பாரம் எங்கே தொங்குகிறது என்று முதலில் பார்ப்பதும், பிறகு அதைப் பல இடங்களுக்குப் பிரிப்பதும், பிறர் எளிதில் தட்டிவிட முடியாத இடத்தில் அதில் ஒரு பங்கையாவது மாட்டி வைப்பதுமே இங்கே சொல்லப்போகும் வேலை. இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் ஏறத்தாழ இரண்டு மாதப் பொறுமையும் போதும்.

பாரம் எங்கே தொங்குகிறது?

நோட்டின் முதல் பக்கத்தில் 1 முதல் 20 வரை எண்ணிட்டு, 'நான் யார்?' என்ற ஒரே கேள்விக்கு இருபது தனித்தனி விடைகளை, உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதுபோல், அதிகம் யோசிக்காமல் எழுதுங்கள். மான்ஃபோர்டு கூன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1954இல் வெளியிட்ட சோதனை இது. பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் போதும். முதல் ஏழெட்டு விடைகள் தாமாக வரும்: தொழில், உறவு, வயது, நம்பிக்கை. அதன்பின் பேனா நின்றுவிடும். அங்கே எழுந்துவிடாதீர்கள், பதினைந்தாம் எண்ணுக்குப் பிறகு வருகிறவைதான் பெரும்பாலும் நமக்கே புதுச் செய்தியாக இருக்கும்.

எழுதியதை மூன்று கேள்விகளோடு திரும்பப் படியுங்கள். இவற்றுள் எத்தனை, ஒரே வேலையை அல்லது ஒரே மனிதரைச் சுற்றி வருகின்றன? எத்தனை, வேறொருவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே உண்மையாக நிற்கும்? நாளைக்கே வேலை போனாலும் உறவு முறிந்தாலும் எத்தனையை அடிக்காமல் அப்படியே விட்டுவைக்கலாம்? நான் எழுதிய இருபதில் பதினான்கு, ஏதோ ஒரு வகையில் மெய்ப்புப் பார்ப்பதைப் பற்றியே இருந்தன. 'பிழை பொறுக்காதவன்' என்பதும் 'அகராதிப் பைத்தியம்' என்பதும் அவற்றுள் அடக்கம்.

நீங்கள் உங்களை எப்படி விவரிக்கிறீர்கள் என்பதை இந்தப் பட்டியல் காட்டும். எதைக் கொண்டு எடைபோடுகிறீர்கள் என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டாது. அதற்காக அடுத்த இரண்டு வாரங்களுக்கு ஒவ்வோர் இரவும் இரண்டு வரிகள் எழுத வேண்டும்: இன்று எந்த நேரத்தில் தலைநிமிர்ந்தேன், எந்த நேரத்தில் கூனிக்குறுகினேன், ஒவ்வொன்றுக்கும் உடனடிக் காரணம் என்ன. உளவியலாளர் ஜெனிஃபர் கிராக்கரும் அவருடைய குழுவினரும் கல்லூரி மாணவர்களுக்காக உருவாக்கி 2003இல் வெளியிட்ட அளவுகோல், தன்மதிப்பு சார்ந்திருக்கும் களங்கள் ஏழினைக் குறிக்கிறது: குடும்பத்தின் ஆதரவு, போட்டியில் முந்துவது, தோற்றம், கடவுளின் அன்பு, படிப்புத் திறன், நல்லொழுக்கம், பிறரின் ஒப்புதல். படிப்பு என்ற இடத்தில் தொழில் என்று வைத்துக்கொண்டால் இது வயது வந்த எவருக்கும் பொருந்தும். உங்கள் குறிப்புகளில் எந்தக் களம் திரும்பத் திரும்ப வருகிறதோ, அங்கேதான் பாரம் தொங்குகிறது. மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த மாணவர்களைக் கிராக்கர் 2002இல் ஆராய்ந்தபோது, படிப்பின்மேல் தன்மதிப்பைப் பெரிதும் ஏற்றி வைத்திருந்தவர்களின் மனநிலையே, இடம் கிடைத்த நாளிலும் மறுக்கப்பட்ட நாளிலும் மற்றவர்களுடையதைவிட அதிகமாக ஏறி இறங்கியது. ஏற்றத்தையும் சேர்த்தே கவனியுங்கள். பாராட்டு வந்த நாளில் கால் தரையில் படாமல் மிதந்தவர்தான், அது வராத நாளில் பள்ளத்தில் கிடப்பார்.

ஆணிகளைக் கூட்டுதல்

பட்ரீசியா லின்வில் என்ற உளவியலாளர் 1987இல் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், தங்களைப் பல பக்கங்கள் உள்ளவர்களாகவும், அப்பக்கங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்பனவாகவும் கண்டவர்கள், கடும் நெருக்கடிகளுக்குப் பிறகு மனச்சோர்வாலும் உடல்நலக் குறைவாலும் குறைவாகவே பாதிக்கப்பட்டனர். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் படுவது இதுதான்: பக்கங்கள் பல இருப்பதால் மட்டும் பயன் வந்துவிடாது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் ஒருவர் மேலும் இரண்டு பொறுப்புகளைத் தலையில் ஏற்றிக்கொண்டால், அவை ஆணிகளாகாமல் கூடுதல் மூட்டைகளாகிவிடும்.

ஆகவே புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே உங்களுக்கு மதிப்பெண் போடுவதற்கு யாரும் இல்லாமலும், வாரத்துக்கு ஒருமுறையாவது நீங்கள் போய்வரக்கூடியதாகவும், உங்கள் முதன்மையான வேலைக்குத் தேவைப்படும் திறமையும் ஆட்களும் அங்கே வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மென்பொருள் எழுதுகிறவர் ஓய்வு நேரத்திலும் மென்பொருள் போட்டிகளில் கலந்துகொண்டால், அது அதே ஆணியின் மறுபுறம்தான். நான் மரவேலை கற்கப் போனேன். அங்கே முதல் வாரத்திலேயே என் கையில் ஓர் அரத்தைக் கொடுத்தார்கள் என்பதை, நம்பினாலும் நம்பாவிட்டாலும், நான் சொல்லியே ஆகவேண்டும். செய்த முக்காலி இன்றுவரை ஆடுகிறது. அதைக் கண்டு எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

இதனோடு சேர்ந்தது, தனக்குத் தானே கொடுத்த சொல்லைக் காப்பாற்றுவது. 'என்னால் முடியும்' என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதை ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கியபோது, தானே செய்து முடித்த அனுபவத்தையே அதன் மிக வலுவான ஊற்று என்றார். பிறர் ஊக்குவிப்பது அதற்குப் பின்னேதான் வருகிறது. எனவே சொல்லைச் சிறிதாகக் கொடுங்கள். 'தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்' என்பது மூன்றாம் நாள் முறியும். முறிந்த சொல் ஒவ்வொன்றும் உங்களுக்கு எதிரான சாட்சியாகச் சேரும். 'காலையில் செருப்பை மாட்டித் தெருமுனை வரை போய்வருவேன்' என்பதைக் காய்ச்சல் நாளைத் தவிர எந்த நாளிலும் காப்பாற்றலாம். செய்து முடித்ததை அன்றிரவே நோட்டில் குறித்துவிடுங்கள். மனம் சாய்ந்திருக்கும் நாளில் உங்கள் நினைவு அதை எடுத்துத் தராது.

நடந்ததையும் தீர்ப்பையும் பிரித்தல்

எல்லாவற்றிலும் கடினமானதும், அதிகம் பழக வேண்டியதும் இதுதான். ஏதேனும் ஒன்று உங்களைத் தாக்கிய நாளில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்புறம் நடந்ததையும் வலப்புறம் அதைப் பற்றி மனம் சொன்னதையும் எழுதுங்கள். அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ, அது மட்டுமே இடப்புறத்துக்கு உரியது. என் கதையில் இடப்புறத்தில் இரண்டே வரிகள்: தலைப்பில் றகரத்துக்குப் பதில் ரகரம் வந்தது, ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார். வலப்புறத்தில் ஏறத்தாழ ஒரு பக்கம் நிரம்பியது: எல்லோரும் சிரிக்கிறார்கள், இனி யாரும் என்னை நம்ப மாட்டார்கள், இத்தனை ஆண்டுகள் ஏமாற்றியிருக்கிறேன். 'எல்லோரும் சிரித்தார்கள்' என்பதை முதலில் நான் இடப்புறத்தில்தான் எழுதினேன். யார் யார் சிரித்தார்கள் என்று பெயரை எழுதப் பார்த்தபோது ஒரு பெயரும் தேறாததால், கோட்டைத் தாண்டி மாற்ற வேண்டியதாயிற்று.

வலப்புறத்தில் இருப்பவற்றோடு சண்டை போட வேண்டாம். 'இல்லை, நான் மிகச் சிறந்தவன்' என்று எதிர்க்குரல் கொடுக்கவும் வேண்டாம். ஜோன் வுட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் 'நான் அன்புக்குரியவன்' என்ற பொருளுள்ள வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அதைச் சொல்லாத, அவர்களைப் போன்றவர்களுடையதைவிட அவர்களுடைய மனநிலை மோசமாக இருந்தது. ஏற்கெனவே தன்மதிப்பு மிகுந்தவர்களுக்கு மட்டுமே அது சிறிது உதவியது. நம்ப முடியாத புகழை உரக்கச் சொன்னால், உள்ளே இருக்கும் மறுப்பும் சேர்ந்து உரக்கப் பேசும். கண்ணாடி முன் நின்று தன்னைப் புகழ்ந்துகொள்ளச் சொல்லும் அறிவுரையை நான் யாருக்கும் சொல்லாததற்குக் காரணம் இதுவே. அதற்குப் பதிலாக, வாக்கியத்தின் முடிவை மட்டும் மாற்றுங்கள். 'நான் எதற்குமே தகுதியில்லாதவன்' என்பதை, 'நான் எதற்குமே தகுதியில்லாதவன் என்ற எண்ணம் எனக்கு இப்போது வருகிறது' என்று எழுதுங்கள். எண்ணம் அப்படியே இருக்கிறது. ஆனால் அது நீங்கள் அல்லாமல், நீங்கள் பார்க்கும் ஒரு பொருளாகிவிடுகிறது.

இன்னொரு வழி, தன்னைத் தன் பெயரால் அழைத்துப் பேசுவது. ஈதன் கிராஸ் முதலானோர் 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், மன அழுத்தம் தரும் சூழலில் 'நான்' என்று நினைத்தவர்களைவிடத் தம் பெயரைச் சொல்லித் தம்மிடமே பேசிக்கொண்டவர்கள் குறைவாகப் பதறினர், பிற்பாடு அதையே நினைத்து உழல்வதும் அவர்களிடம் குறைந்திருந்தது. முதலில் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆகவே வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் சொல்லுங்கள். பெயரைச் சொன்னதும், பக்கத்து மேசைக்காரருக்கு அதே பிழை நேர்ந்திருந்தால் என்ன சொல்வீர்களோ அந்தக் குரல் தானாகவே வரும். தன்பரிவு என்று கிறிஸ்டின் நெஃப் 2003இல் வரையறுத்தது ஏறத்தாழ இந்தக் குரலையே: தன்னிடம் கனிவு, தவறுவது எல்லா மனிதருக்கும் பொது என்ற நினைவு, வலியை ஊதிப் பெருக்காமலும் மூடி மறைக்காமலும் பார்ப்பது. பிழையை மன்னித்துவிட்டால் அக்கறை போய்விடுமே என்று அஞ்சுகிறவர்கள் உண்டு, நானும் அஞ்சினேன். நடந்தது வேறு. மறுநாள் முதல் அட்டைத் தலைப்பை ஒவ்வோர் எழுத்தாக, வலமிருந்து இடமாகப் படிக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். குற்றவுணர்வில் உழன்ற அந்த இரவில் இப்படி ஒரு யோசனை எனக்குத் தோன்றவே இல்லை.

பிறர் சொல் வந்து விழும்போது

அதே கோட்டை மற்றவர்களின் விமர்சனத்துக்கும் கிழிக்கலாம். சொன்னவர் உங்கள் வேலையை நேரில் பார்த்தவரா? சொன்னது குறிப்பிட்ட ஒன்றைப் பற்றியதா, உங்களைப் பற்றிய மொத்தத் தீர்ப்பா? அதிலிருந்து நாளை செய்யக்கூடிய ஒரு செயலை எடுக்க முடிகிறதா? முடிந்தால் அந்தச் செயலை எழுதிக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள். முடியாவிட்டால், ஓர் இரவு கழியும்வரை பதில் எழுதாதீர்கள். பதில் சொல்லாமலே போனாலும் பெரும்பாலும் எதுவும் கெட்டுவிடுவதில்லை.

எதுவும் கைகொடுக்காத நாளுக்காக ஒன்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள். நேர்மை, கற்றல், பிள்ளைகள், நட்பு என உங்களுக்கு மெய்யாகவே முக்கியமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் முக்கியம், அதற்காக நீங்கள் ஏதேனும் செய்த ஒரு சமயம் எது என்று கால் மணி நேரம் எழுதுங்கள். கிளாட் ஸ்டீல் 1988இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வளர்ந்த பயிற்சி இது. ஒரு பக்கத்தில் அடிபடும்போது வாழ்வின் இன்னொரு பக்கம் முழுதாக இருப்பது கண்ணில் பட்டால், அடிபட்ட இடத்தை மூர்க்கமாகக் காக்க வேண்டிய தேவை மனத்துக்குக் குறைகிறது. அடிபட்ட களத்தையே இதற்குத் தேர்ந்தெடுக்காமல், வேறொன்றை எடுப்பது நல்லது.

தூக்கத்தைப் பற்றி ஒரே வரி: அரைகுறையாகத் தூங்கிய மறுநாள் தன்னைப் பற்றிய எந்த முடிவையும் எடுக்காதீர்கள்.

இவை அனைத்தும் வழக்கமான அடிகளைத் தாங்குவதற்கே. வீட்டிலோ பணியிடத்திலோ ஒருவர் உங்களைத் தொடர்ந்து அவமதித்தாலும் அடித்தாலும், அங்கே திருத்த வேண்டியது உங்கள் தன்மதிப்பு அன்று. அந்த இடத்தைவிட்டு விலகவும் உதவி கேட்கவுமே முதலில் வழி தேட வேண்டும். நாளின் பெரும்பகுதி துயரமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், தூக்கமும் பசியும் மாறிப்போனால், மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். சாவதே மேல் என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரங்கள் காத்திருக்கவே கூடாது. அன்றே ஒருவரிடம் சொல்லி, அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, எது தூண்டியது, எத்தனை இரவுகள் தூங்கவில்லை என்று மருத்துவர் கேட்கும்போது, சோர்ந்த மனத்திலிருந்து விடையைத் தேடி எடுக்க வேண்டியிருக்காது. பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும்.