மீக்கணினியில் முதல் பணியை அனுப்புவது எப்படி?

திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 'பரம் பொருள்' மீக்கணினியை (சூப்பர் கம்ப்யூட்டர்), தேசிய மீக்கணினித் திட்டத்தின்கீழ் இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் அமைத்துக் கொடுத்தது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். இத்தகைய இயந்திரம் எவர் ஒருவருக்கும் உரியதன்று. பல துறை ஆய்வாளர்கள் வரிசையில் காத்திருந்து பகிர்ந்துகொள்வது. ஆகவே, புதிதாக வருபவர் முதலில் பழக வேண்டியது அளவறிந்து கேட்பதற்கே.

முதற்படி பயனர் கணக்குப் பெறுவது. பெரும்பாலான மையங்களில் ஆய்வு வழிகாட்டியின் ஒப்புதலுடன் விண்ணப்பிக்க வேண்டும்.

கணக்குக் கிடைத்ததும், உங்கள் கணினியின் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், 'எஸ்எஸ்ஹெச்' (ssh) கட்டளை வழியாக உள்ளே நுழையுங்கள். மீக்கணினி என்பது பல கணினிகளின் இணைப்பு; அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு கணு. நீங்கள் வந்து சேரும் இடம் நுழைவுக் கணு மட்டுமே. கோப்புகளைத் திருத்தவும் பணிகளை அனுப்பவும்தான் அது இருக்கிறது. பெரிய கணக்கீட்டை அங்கேயே ஓட்டினால், உடன் நுழைந்திருக்கும் அத்தனை பேருடைய வேலையும் தள்ளாடும்.

அடுத்து, தேவையான மென்பொருளை ஏற்ற வேண்டும். 'மாட்யூல் அவெய்ல்' (module avail) என்று கேட்டால் இருப்பவற்றின் பட்டியல் வரும். வேண்டியதை 'மாட்யூல் லோட்' (module load) கொண்டு ஏற்றிக்கொள்ளலாம். பதிப்பு எண்ணையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே முடிவை மீண்டும் பெற அது உதவும்.

இனி, பணிக்கான ஸ்கிரிப்ட், அதாவது செய்ய வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. எத்தனை கணுக்கள், எத்தனை கோர்கள் (செயலியின் கணக்கிடும் அலகுகள்), எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் என்பவற்றை '#எஸ்பேட்ச்' (#SBATCH) என்று தொடங்கும் வரிகளில் எழுத வேண்டும். இவ்வரிகள் ஸ்கிரிப்ட்டின் முதல் செயற்கட்டளைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அதன் பின்னால் வருபவற்றை, பணிகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளான ஸ்லர்ம் கண்டுகொள்ளாது, பிழை என்றும் சொல்லாது. புதியவர்களின் குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

நேரத்தைக் கேட்பதில்தான் நுட்பம் இருக்கிறது. மூன்று மணி நேர வேலைக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று 72 மணி கேட்டால், அதற்கேற்ற பெரிய இடம் காலியாகும்வரை உங்கள் பணி காத்துக் கிடக்க நேரிடும். நான்கு மணி என்று கேட்டிருந்தால், பெரிய பணிகளுக்கு இடையே விழும் சிறு இடைவெளியில் ஸ்லர்ம் அதை நுழைத்துவிடக்கூடும். குறைத்துக் கேட்பதும் ஆபத்து, ஏனெனில் கேட்ட நேரம் தீர்ந்தவுடன் பணி நிறுத்தப்படும். கோர்களுக்கும் இதே கணக்குத்தான். நிரலில் பத்தில் ஒரு பங்கு வரிசையாக மட்டுமே ஓடக்கூடியது என்றால், ஆயிரம் கோர்கள் கொடுத்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது; இணையாக ஓடும்படி எழுதப்படாத பைத்தான் நிரலுக்கு 48 கோர்கள் கேட்டால் 47 சும்மா கிடக்கும்.

எனவே, தரவில் சிறு பகுதியை மட்டும் வைத்து முதல் பணியை 'எஸ்பேட்ச்' (sbatch) கட்டளையால் அனுப்புங்கள். 'எஸ்கியூ' (squeue) கட்டளையில் 'பிடி' (PD) என்று தெரிந்தால் பணி காத்திருக்கிறது, 'ஆர்' (R) என்றால் ஓடுகிறது. முடிந்தபின் 'எஸ்ஆக்ட்' (sacct) கொண்டு உண்மையில் செலவான நேரத்தையும் நினைவகத்தையும் பார்த்து, அதன்மேல் சிறிது கூட்டி அடுத்த பணிக்குக் கேளுங்கள்.

முடிவுகள் 'ஸ்க்ராட்ச்' எனப்படும் தற்காலிகச் சேமிப்புப் பகுதியில் இருந்தால் அன்றே வேறிடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். அப்பகுதிக்குப் பொதுவாகக் காப்புப் பிரதி எடுக்கப்படுவதில்லை; பல மையங்களில் பழைய கோப்புகள் தாமாகவே அழிக்கப்படும்.