இரண்டு முழம் செம்புக் கம்பி செய்த வேலை

ஏற்காட்டு வீட்டில் காபிக் கொட்டை வறுக்க ஒரு சின்ன டிரம் வைத்திருக்கிறேன். சூட்டைக் கட்டுப்படுத்த மூன்று சாமான்கள்: சூட்டை உணர இரு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்த கே டைப் தெர்மோகப்பிள், அது தரும் சின்ன வோல்டேஜை டிகிரியாக மாற்றும் சிப் உள்ள மேக்ஸ்6675 போர்டு, அதைப் படித்துத் திரையில் காட்டும் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினி. முதல் நாளே குழப்பம். கொட்டை படபடவென்று வெடிக்கிறது, திரையில் 165 டிகிரிதான். கொட்டை முதலில் வெடிக்கும் அந்தச் சத்தம் 196க்குப் பக்கத்தில் வர வேண்டும்.

புரோகிராமைத்தான் சந்தேகப்பட்டேன். அதிலும் ஒரு தப்பு இருந்தது. 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிப் ஒரு அளவை முடிக்க 220 வரை ஆகும். நடுவில் கேட்டால் பாதியில் விட்டுவிடும். அதனால் திரையில் எண் அடிக்கடி மாறாமல் உறைந்து நின்றது. 250 ஆக்கியதும் அது சரியானது. குறைந்த அந்த 30 டிகிரி மட்டும் வந்தபாடில்லை.

அப்புறம்தான் ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். நீளம் போதாமல், டிரம்முக்கு ஒரு சாண் தள்ளி, சாதாரண செம்புக் கம்பியை முறுக்கி ஒட்டுப் போட்டிருந்தேன். அங்கே விரல் வைக்க முடியவில்லை. 60 டிகிரியாவது இருக்கும். தெர்மோகப்பிள் தருவது இரு முனைகளின் சூட்டு வித்தியாசத்தை மட்டும், டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். சூடான முனை டிரம்முக்குள், மறுமுனையான குளிர்முனை சிப்பின் பக்கத்தில் இருக்க வேண்டும். செம்பு சேர்ந்த இடமே குளிர்முனை ஆகிவிட்டது. சிப்போ தன் பக்கத்து 28 டிகிரியைக் கூட்டிக்கொண்டிருந்தது. 60க்குப் பதில் 28ஐக் கூட்டினால் 32 குறையும். காணாமல் போன டிகிரி அதுதான்!

சேலத்தில் கே டைப் எக்ஸ்டென்ஷன் ஒயர், அதாவது தெர்மோகப்பிளை நீட்டுவதற்கென்றே உள்ள கம்பி, வாங்கினேன். மஞ்சளும் சிவப்பும். சிவப்பு பிளஸ் என்று மாட்டினால் முன்னைவிடக் குறைகிறது. அமெரிக்க வழக்கத்தில் சிவப்புதான் மைனஸாம், யார் வைத்த வழக்கமோ. திருப்பி மாட்டினேன். அடுத்த வெடிச் சத்தம் 197ல் கேட்டது.